கிழக்கு பார்த்து நின்ற கார்

என் கணவர் இறந்தபோது எங்கள் காரின் டேஷ்போர்டில் ஓர் ஓட்டை இருந்தது. கார் வாங்கும்போதே அதோடு வந்த கேசட் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிஜிட்டல் ரேடியோ வைப்பதாக ஏற்பாடு. கழற்றியாயிற்று. வைப்பதற்குள் அவர் போய்விட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். காரை மறுநாள் அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். சாவியை என் கையில் கொடுக்கத் தயங்கி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இதை இனிமேல் யார் மூடுவது என்று நினைத்தேன். கணவன் செத்த மறுநாள் ஒருத்திக்கு வருகிற நினைப்பா இது? எனக்கு அதுதான் வந்தது.

அழுகை வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? தெருப் பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அழுதுவிடு, இல்லாவிட்டால் நெஞ்சை அடைத்துக்கொள்ளும் என்றார் ஒரு மாமி. சரி மாமி என்றேன். காரியங்கள் எல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். மின்சார அலுவலகத்தில் பில் கட்டும் கவுன்டர் எனக்கு. நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. யூனிட் எப்படிக் கூடிற்று என்று கத்துகிறவனிடம் நானும் கத்துவேன். அந்தக் கத்தல் மட்டும் என்னிடம் பழையபடி இருந்தது. மற்றதெல்லாம் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடந்தது. கடித்துக்கொண்டாலும் தெரியாது.

அந்த ரேடியோ அவருடைய பைத்தியம். தினமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்த் திரும்புகிறவர். சென்னை ஸ்டேஷன்கள் அங்கே நன்றாகக் கேட்கும். வீடு நெருங்க நெருங்க எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி படபடக்கும். கேசட்டோ ஒன்று மாற்றி ஒன்று நாடா சிக்கும். அப்போதுதான் அந்தச் சாட்டிலைட் ரேடியோ வந்திருந்தது. வானத்தில் நிற்கும் சாட்டிலைட்டிலிருந்து நேராகப் பெட்டிக்கு வருமாம், கொரகொரப்பே இருக்காதாம், கர்நாடக சங்கீதத்துக்கென்றே ராப்பகலாக ஒரு ஸ்டேஷனாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் பெட்டி அது. அதைக் காருக்குள் வைக்க வேண்டும் என்று இவருக்குப் பிடிவாதம். வீட்டிலேயே வைத்தால் என்ன என்று கேட்டேன். எங்கள் வீடு இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவில் நசுங்கி நிற்பது, முற்றத்தில் நின்றால்கூட ஒரு கைக்குட்டை அகலத்துக்குத்தான் வானம் தெரியும். அதைச் சொன்னார். அதோடு, நீயும் அம்மாவும் பேசுகிற பேச்சில் எந்த ரேடியோ காதில் விழும் என்றும் சொன்னார்.

அது நியாயம்தான். என் மாமியாருக்கு வாய் ஓயாது. எனக்கும் ஓயாது. ரசத்தில், எங்கள் வீட்டில் அது சாத்தமுது, பெருங்காயம் கூடினதிலிருந்து எதிர்வீட்டுக்காரர் திண்டிவனத்தில் பெண் எடுத்தது வரைக்கும் எங்களுக்குள் வழக்கு நடக்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மட்டும் மாமியார் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார்.

காரைப் பற்றியும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் தெரு சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறது. தெருவின் மேற்குக் கோடியில் கோபுரம், கிழக்குக் கோடியில் பெரிய ரோடு. கார் வாசலில் நிற்கும்போது கோபுரத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். பெருமாளுக்கு முதுகு காட்டக் கூடாது, மனுஷனானாலும் சரி வண்டியானாலும் சரி. சாயங்காலம் இவர் வந்து நிறுத்தும்போது மாமியார் வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் நேரா, இன்னும் கொஞ்சம், என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர் சிரிப்பார். எங்கள் பெருமாள் மேற்கு பார்த்து நிற்கிறவர். சன்னதித் தெருக்காரர்களுக்குத்தான் அவர் முகம், நாமெல்லாம் பின்கட்டு ஜனங்கள், நம் வண்டி எந்தப் பக்கம் பார்த்தால் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்பார். அபச்சாரம் அபச்சாரம் என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆனாலும் இவர் ஒரு நாள்கூட வண்டியை மாற்றி நிறுத்தியதில்லை.

இறந்த அன்று காலையில் கிளம்பும்போது அம்மாவிடம் அவர் சொன்னது அந்த ரேடியோவைப் பற்றித்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், உனக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன் என்றார். ஆகாயத்திலிருந்து வருவதைக் கேட்கத்தான் நான் தினம் கோயிலுக்குப் போகிறேனே, எனக்கு எதற்கடா தனியாக ஒரு பெட்டி என்று மாமியார் பதில் சொன்னார். அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

அதற்கப்புறம் மாமியார் பேசவில்லை. பிள்ளையை வாசலில் கிடத்தியிருந்தபோதுகூட வாய்விட்டு ஒரு சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். முதலில் தீட்டு என்றார்கள், பிறகு வயசாகிவிட்டது என்றார்கள். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். தட்டில் போட்டதில் இரண்டு வாய் சாப்பிடுவார், மீதியைக் கையாலேயே ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வெயில் தாழ்ந்ததும் போய்க் காரில் உட்காருவார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஒயர்களைத் தடவிக்கொண்டிருப்பார். நான் ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி வைத்தேன். உங்களை எங்கேயாவது அழைத்துப் போகிறேன் அம்மா என்று சொல்லிச் சாவியைப் போட்டால் இறங்கிவிடுவார். வாசலில் நிற்கிற காரில்தான் உட்காருவார்.

மும்பையில் இருக்கும் என் நாத்தனார் வாராவாரம் போன் செய்தார். ரிசீவரை மாமியார் காதில் வைப்பேன். மகள் அந்தப் பக்கம் அழுவார், இந்தப் பக்கம் மூச்சுதான் கேட்கும். ஒரு நாள் என்னிடம், "இப்படியே விட்டா அம்மாவும் போயிடுவா. ஆறாம் மாசக் காரியத்துக்கு வரும்போது நான் அழைச்சிண்டு போயிடறேன்" என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான், அப்படியானால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்பது உறைத்தது. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று யோசித்தேன். துக்கமோ பயமோ வரவில்லை. ஆனால் மறுநாள் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது தீர்மானம் செய்துவிட்டேன். அந்த ரேடியோவை மாட்டிவிடுவது. பிள்ளை சொன்ன சொல் அது ஒன்றுதான் பாக்கி, அதைக் காதால் கேட்டால் அந்த அம்மாள் வாயைத் திறப்பார், திறந்தால் மும்பைக்குப் போக மாட்டார். இது ஒரு கணக்கா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என்னிடம் வேறு கணக்கு இல்லை.

அவர் பணம் கட்டி வைத்திருந்த பெட்டி ஐயம்பேட்டையில் ஒரு கார் ஸ்டீரியோக் கடையில் கிடந்தது. கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டுக்கொண்டு அதை அலமாரியில் வைத்திருந்தார். எனக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் பக்கத்தில் அவர் இல்லாமல் நான் வண்டியைத் தொட்டதில்லை. ஒரு லீவு நாளில் இரண்டாவது கியரிலேயே ஐயம்பேட்டை வரை போனேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒருத்தர் விடாமல் திட்டினார்கள். நானும் கண்ணாடியை இறக்கித் திட்டினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அண்ணன் அண்ணன் என்று இவரைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டே வேலை செய்தார். ஓட்டைக்கு ஒரு சட்டம் அடித்துப் பெட்டியை உள்ளே தள்ளினார், ஒயர்களை ஒவ்வொன்றாகக் கோர்த்தார், உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஆண்டெனாத் தட்டை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார். சுவிட்சைப் போட்டதும் வீணைச் சத்தம் வந்தது. ஒரு பிசிறு இல்லை.

"பாருமா, இன்னா கிளியரா இருக்குது. அண்ணன் இருந்திருந்தா இங்கயே டான்ஸ் ஆடியிருப்பாரு" என்றார்.

ஆடியிருப்பார்தான். எனக்கோ யார் வீட்டுக் கல்யாணத்திலோ மேளம் வாசிப்பதைக் கேட்டமாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் வழக்கப்படி கோபுரத்தைப் பார்க்க நிறுத்தினேன். மாமியார் வந்து உட்கார்ந்தார். ஓட்டை இருந்த இடத்தில் பெட்டி இருப்பதை விரல் உணர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை மாசத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவர் சொன்ன ரேடியோ அம்மா, கேளுங்கள் என்று சுவிட்சைப் போட்டேன். சின்ன விளக்கு எரிந்தது. சிக்னலைத் தேடுகிறது என்று எழுத்து ஓடிற்று. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அணைத்துப் போட்டேன், மறுபடி போட்டேன், பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன். மாமியார் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு இறங்கி உள்ளே போனார். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. ஏமாற்றமாவது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைக்காரர் மறுநாள் மொபெட்டில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, வானத்தைப் பார்த்து, கோபுரத்தைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சாட்டிலைட் கிழக்கே நிற்கிறதாம். அவர் கடை வாசலில் வண்டி கிழக்கு பார்த்து நின்றது, பாடிற்று. இங்கே மேற்கு பார்த்து நிற்கிறது, ஆண்டெனாவுக்கும் சாட்டிலைட்டுக்கும் நடுவில் வண்டியின் தகரக் கூரை. திருப்பி நிறுத்தினால் தீர்ந்தது வேலை என்றார். அது முடியாது என்று காரணத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சாமி விஷயம் என்றால் வேறு வழி பார்க்கலாம் என்று சட்டென்று ஒத்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் தொழில் செய்கிறவர் அல்லவா.

வேறு வழியும் பார்த்தார். பின்கண்ணாடி வரைக்கும் ஆண்டெனா ஒயர் எட்டவில்லை, ஒட்டுப் போட்டு நீட்டினதில் சிக்னல் செத்துவிட்டது. கதவிடுக்கு வழியாக ஒயரை விட்டுத் தட்டைக் கூரைமேல் ஒட்டினார். அது பாடிற்று. சாயங்காலம் மாமியாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று நான் வேலைக்குப் போய்வந்து பார்த்தால் கூரைமேல் பசைதான் இருந்தது. கோயில் குரங்கு தட்டைப் பிய்த்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்கெங்கோ சொல்லி வைத்து இன்னொரு தட்டு கொண்டுவந்தார். அதைப் பழைய இடத்திலேயே, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டு, இனி அந்தப் பெருமாள் விட்ட வழி என்று சொல்லிப் போனார்.

ஆறாம் மாசம் நெருங்கிற்று. நாத்தனார் டிக்கெட் எடுத்துவிட்டதாகப் போன் செய்தார். இரண்டு பேருக்கும் திரும்பும் டிக்கெட்டும் சேர்த்து. அன்று சாயங்காலம் மாமியார் காரில் உட்கார்ந்திருந்தபோது நானும் போய் ஸ்டீயரிங்குக்கு எதிரே உட்கார்ந்தேன். சும்மா இருக்காமல் சுவிட்சைப் போட்டேன். தேடுகிறது, தேடுகிறது என்று எழுத்து ஓடிற்று. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. கவுன்டர் கோபம் இல்லை, வயிற்றிலிருந்து வந்தது.

"கிழக்கே பார்த்து நிறுத்தினா பாடுமாம்மா. உங்க பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினது. உங்க பெருமாளுக்கு முதுகு காட்டக் கூடாதே, அதான் ஊமையா கிடக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மாமியார் இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கிற்று.

"அவர் மேற்கே பார்த்துண்டு நிக்கறார்" என்றார் மாமியார். குரல் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இருந்தது. "நம்ம தெருவுக்கு என்னிக்குமே முதுகுதான். திருப்புடி வண்டியை."

நான் திருப்பினேன். அந்தத் தெருவில் காரைத் திருப்புவது லேசான காரியமில்லை. எனக்கு ரிவர்ஸும் வராது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், எதிர்வீட்டுப் படியில் ஒரு தடவை இடித்து, யார் வீட்டுக் கோலத்தையோ அழித்து, சைக்கிளை எடுங்கள், கூடையை எடுங்கள் என்று கத்தி. சாவியைப் போட்டாலே இறங்கிவிடுகிற மாமியார் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர், பெரியவர், இது என்னம்மா அடுக்குமா, பெருமாளுக்குப் பின்பக்கத்தையா காட்டுவது என்று கிட்டே வந்தார். மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி ஒருவழியாகக் கிழக்கு பார்த்து நின்றது. கோபுரம் இப்போது என் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில், விரல் அளவுக்குத் தெரிந்தது. எழுத்து ஓடுவது நின்றது. பாதியிலிருந்து ஒரு வயலின் ஆரம்பித்தது. யார் வாசித்தார்களோ, என்ன ராகமோ, எனக்குச் சங்கீதம் தெரியாது. மாமியார் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். வாசித்து முடிந்து அடுத்தது தொடங்கிய பிறகு, "கொரகொரன்னே இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். அன்று ராத்திரி சாத்தமுது சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெருங்காயம் போதவில்லை என்றும் சொன்னார்.

எனக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், கத்தினேன், படுத்தேன். மாமியாரின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிற்று. போனில் மகளிடம் மட்டும் வாய் திறக்கவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. கார் கிழக்கு பார்த்தே நின்றது. தெருவில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொள்ளட்டும்.

நாத்தனார் சென்னையில் இறங்கி டாக்சியில் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். நாங்கள் இரண்டு பேரும் காருக்குள்தான் இருந்தோம், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி நின்று வண்டியையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா தானாகப் பேசினதைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, காரியம் முடிந்ததும் நாளைக் கழித்து ரயில், துணிமணிகளை இன்றைக்கே எடுத்து வைத்துவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். என் கணக்கு பொய்த்துவிட்டது என்று நினைத்தேன், பேசினாலும் கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறார்கள்.

"நான் வரலை" என்றார் மாமியார்.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள், இவளும் வேலைக்குப் போகிறவள், பகலெல்லாம் நீ தனியாகத்தானே கிடக்க வேண்டும் என்று அடுக்கினார். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல், என் முழங்காலில் கையை வைத்தார்.

"இவ இன்னும் அழலைடி. எல்லாரும் என்னைப் பார்த்தேள், இவளை யார் பார்த்தா? இவ அழற வரைக்கும் நான் எங்கேயும் வர்றதா இல்லை."

நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கையை நீட்டினேன். எந்தக் குமிழ் என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எல்லாம் கலங்கலாக இருந்தது.